மாயை என்றால் இல்லை என்று பொருளா?

அய்யா துணை



உச்சிப்படிப்பு முடிந்து தாங்கல் திண்ணையில் நாலு பேர் கூடி இருந்தால் எப்படியும் ஒருவர் வாயில் இருந்து "எல்லாம் மாயை" என்ற சொல் வந்துவிடும். வாங்கிய கடனைப் பற்றிப் பேச்சு வந்தால் மாயை. தேர்தலைப் பற்றிப் பேசினாலும் மாயை. மரண வீட்டில் மார்பில் அடித்து அழுகிற தாயிடம் போய், "எல்லாம் மாயைதானே தாயே, அழாதேயும்" என்கிறோம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தத் தாய் அதை எப்படிக் கேட்பாள்? அவள் பத்து மாதம் சுமந்ததும் பால் கொடுத்ததும் நடக்கவே இல்லை என்று சொல்வது போல அல்லவா அவள் காதில் விழும்?

ஏடு வாசிப்பில் மாயக்கலி என்று கேட்கிறோம். கதாப்பிரசங்கத்தில் கேட்கிறோம். பட்டினத்தார் கதையில் கேட்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சொல் என்பதால் அதன் பொருளை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதனால் இந்த மாதப் பாடத்தில், உலகம் மாயை என்று சொன்ன பழங்காலத்து ஞானிகள் எந்தப் பொருளில் அதைச் சொன்னார்கள் என்று பார்ப்போம். சில பெயர்கள் புதிதாக இருக்கும். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, விஷயம் நின்றால் போதும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். விடியுமுன் இருட்டோடு ஒருவர் தோப்புக்குப் போகிறார். வழியில் ஒரு வைக்கோல் பழுதை கிடக்கிறது. பாம்பு என்று எண்ணித் துள்ளி ஓடுகிறார். நெஞ்சு அடிக்கிறது, உடம்பு வேர்க்கிறது. பின்னால் வந்தவர் டார்ச் அடித்துக் காட்டுகிறார், பழுதை! இந்த உதாரணத்தை அத்வைத நூல்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சொல்லி வருகின்றன. இதில் நாம் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. வெளிச்சம் வந்ததும் பாம்புதான் போயிற்று. பழுதை அங்கேயேதான் கிடக்கிறது. 'ஒன்றுமே இல்லை' என்று அந்த உதாரணம் சொல்லவில்லை. இருக்கிற ஒன்றை வேறொன்றாகக் கண்டோம் என்றுதான் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. பாம்பு பொய் என்றால் வேர்த்ததும் பொய்யா? வேர்வை உண்மையாகவே வந்தது. ஆதிசங்கரர் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையில் இதை ஒத்த செய்தியைச் சொல்கிறார். விஷம் ஏறிவிட்டது என்ற சந்தேகத்தாலேயே ஒருவன் சாவது உண்டு என்கிறார். விஷம் இல்லை, சாவு வந்துவிட்டது. பொய்யான காரணம் மெய்யான விளைவைத் தரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சங்கரர் காலடியில் பிறந்தவர். அவர் காலம் 8ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அவருடைய குருவுக்குக் குரு கௌடபாதர். அவர் எழுதிய மாண்டூக்கிய காரிகை நான்கு பகுதியும் 215 பாட்டும் கொண்ட சிறிய நூல். அதில் அவர் கனவை எடுத்துக்கொள்கிறார். கனவில் கண்ட யானை விழித்ததும் இல்லை. அது போலவே விழிப்பில் கண்டதும் நிலையானது அல்ல என்கிறார். உடனே ஒருவர் எழுந்து, "அண்ணாச்சி, கனவில் தின்ற சோறு பசி ஆற்றாது, நனவில் தின்ற சோறு ஆற்றுகிறதே, இரண்டும் ஒன்றாகுமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கௌடபாதர் கட்சியின் பதில் இது: வயிறு நிறைய உண்டு படுத்தவன் கனவில் பசியால் துடிப்பது உண்டு. நனவில் தின்ற சோறு கனவில் உதவவில்லை. ஒவ்வொன்றும் அதன் அதன் இடத்தில்தான் செல்லும். எனவே எதுவும் எப்போதும் மாறாத முழு உண்மை ஆகாது.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் திண்ணையில் 'எல்லாம் மாயை' என்கிறார்கள். ஆனால் சங்கரர் இதோடு நிறுத்தவில்லை. பௌத்தரில் ஒரு பிரிவினர், வெளியே பொருள் என்று எதுவும் இல்லை, எல்லாம் அறிவின் தோற்றமே என்றார்கள். அவர்களை மறுத்து சங்கரர் எழுதிய பகுதி அதே பிரம்ம சூத்திர உரையின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. கண்முன் தெரியும் பொருளை இல்லை என்று சொல்ல முடியாது என்கிறார். அப்படிச் சொல்பவன், சோற்றை உண்டுகொண்டு, உண்ட நிறைவையும் அனுபவித்துக்கொண்டே, 'நான் உண்ணவும் இல்லை, எனக்கு நிறையவும் இல்லை' என்பவனைப் போன்றவன் என்று கேலி செய்கிறார். அடுத்த சூத்திரத்தின் உரையில் நனவு கனவைப் போன்றது அல்ல என்றும் சொல்கிறார். கனவு விழிப்பினால் பொய்யாகிறது. விழிப்பில் கண்ட தூண் அப்படிப் பொய்யாவதில்லை. மாயாவாதி என்று பெயர் வாங்கிய சங்கரரே எழுதியது இது! அவரை மேற்கோள் காட்டுகிற பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் உலகம் அவருக்கு என்ன? அத்வைதிகள் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். முயல்கொம்பு என்கிறோம், மலடி மகன் என்கிறோம். இவை ஒருவர் கண்ணுக்கும் தெரிந்ததில்லை. இவை அடியோடு இல்லாதவை. என்றும் மாறாமல் இருப்பது பிரம்மம் ஒன்றே. அது முழுதும் உள்ளது. உலகமோ கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குச் சிக்குகிறது. ஆகவே முயல்கொம்பு அல்ல. மாறுகிறது, அழிகிறது, ஆகவே பிரம்மம் போன்றதும் அல்ல. இரண்டிலும் சேராத அந்த நிலைக்குத்தான் மித்தை, மாயை என்று பெயர் வைத்தார்கள். ஞானம் வரும்வரை இந்த உலகத்துக் கொடுக்கல் வாங்கல், கடமை, நன்மை, தீமை எல்லாம் செல்லும் என்பதே அவர்கள் முடிவு. அதற்கு வியாவகாரிகம் என்று பெயர். கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்!

இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், 'அறியாமையால் உலகம் தோன்றுகிறது என்கிறீர்களே, அந்த அறியாமை யாருக்கு? பிரம்மத்துக்கா, உயிருக்கா?' என்று மடக்கினார். உலகம் இறைவனுக்கு உடல் என்றார். சைவ சித்தாந்தத்திலோ மாயை என்ற சொல்லுக்கே பொருள் வேறு. குடத்துக்கு மண் எப்படியோ அப்படி உலகத்துக்கு மூலப்பொருள் மாயை; அது பொய்த்தோற்றம் அல்ல, உள்ள பொருள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரத்தில் தந்த சிவஞானபோதம் இந்த வழியில் வந்தது. ஆக, ஒருவர் மாயை என்றால், எந்த மாயை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சங்கரருக்குப் பல நூற்றாண்டு முன்னே, ஏறத்தாழ 2ஆம் நூற்றாண்டில், நாகார்ச்சுனர் என்ற பௌத்த ஆசிரியர் இருந்தார். எதற்கும் தனியாக, தானே நிற்கும் தன்மை இல்லை. எல்லாம் சூனியம் என்றார் அவர். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? "எல்லாம் சூனியம் என்றால் துன்பமும் சூனியம், துன்பத்தை நீக்கும் வழியும் சூனியம், புத்தர் சொன்னதும் சூனியம்தானே?" என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதிலில் நமக்கு வேண்டியவை இரண்டு. உலக வழக்கில் உள்ள உண்மையைப் பற்றிக்கொள்ளாமல் மேலான உண்மையைக் காட்ட முடியாது என்பது ஒன்று. சூனியத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவனை அது கெடுத்துவிடும், பிடிக்கத் தெரியாமல் பிடித்த பாம்பைப் போல என்பது இன்னொன்று. பழுதையில் தெரிந்த பாம்பு கடிக்காது. மாயை என்ற இந்தப் போதனையோ வாலைப் பிடித்தால் திரும்பிக் கடிக்கும்.

இந்தக் கேள்வி நம் நாட்டில் மட்டும் எழவில்லை. கடல் கடந்து கிரேக்க நாட்டில் எலிஸ் என்ற ஊரில் பிர்ரோ என்பவர் இருந்தார். அலெக்சாண்டர் படையோடு இந்தியா வரை வந்து, இங்கே ஆடை துறந்த ஞானிகளைச் சந்தித்தவர் என்று பழைய வரலாறு சொல்கிறது. பொருள்கள் உண்மையில் எப்படிப்பட்டவை என்று கண்ணையும் காதையும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதனால் தீர்ப்பே சொல்லாமல் அமைதியாக இருங்கள் என்பது அவர் போதனை. கண்ணை நம்பாதவர் ஆகையால் வண்டி வந்தாலும் பள்ளம் வந்தாலும் நாய் வந்தாலும் விலக மாட்டார், நண்பர்கள்தான் கூடவே போய்க் காப்பாற்றினார்கள் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். அவர் வழியில் பின்னால் வந்த ஒருவரே அதை மறுத்திருக்கிறார்: தீர்ப்புச் சொல்லாமை தத்துவத்தில்தான், அன்றாட நடப்பில் அவர் கவனமாகவே இருந்தார் என்று. அவர் ஏறத்தாழ 90 வயது வரை வாழ்ந்தவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு விலகாதவர் 90 வயது காண்பாரா, நீங்களே சொல்லுங்கள். இன்னொரு செய்தி எனக்குப் பிடித்தது. மருத்துவச்சியாக இருந்த தன் அக்காள் தங்கை உறவுப் பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்த அவர், வீட்டைத் துடைப்பார், கோழியையும் பன்றியையும் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார், பன்றியைக் குளிப்பாட்டவும் செய்வார், கௌரவம் பார்க்க மாட்டார் என்கிறது அந்த வரலாறு. உலகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதவர் 'இது உயர்ந்த வேலை, இது தாழ்ந்த வேலை' என்ற தீர்ப்பையும் சொல்லவில்லை.

அவருக்கு முன்னே வாழ்ந்தவர் பிளேட்டோ. அவர் எழுதிய 'குடியரசு' என்ற நூலின் ஏழாம் பகுதியில் ஒரு குகை வருகிறது. சிறுவயது முதல் காலிலும் கழுத்திலும் கட்டுப்போட்ட மனிதர்கள் குகைச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்கள். திரும்ப முடியாது. அவர்களுக்குப் பின்னால் நெருப்பு எரிகிறது. நெருப்புக்கும் அவர்களுக்கும் நடுவில் சிலர் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பொம்மைகளின் நிழல் சுவரில் விழுகிறது. தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கட்டுண்டவர்கள் அந்த நிழலையே மெய் என்று எண்ணுகிறார்கள். எந்த நிழலுக்குப் பின் எந்த நிழல் வரும் என்று சரியாகச் சொல்பவருக்குப் பட்டமும் பரிசும் கொடுத்துக்கொள்கிறார்கள். நிழலுக்குள்ளே பதவி, நிழலுக்குள்ளே பெரியவர், சிறியவர்!

ஒருவன் கட்டு அவிழ்ந்து வெளியே போகிறான். கண் கூசுகிறது. முதலில் நிழலையும் தண்ணீரில் தெரியும் உருவத்தையும் பார்க்கிறான், பிறகு பொருள்களை, கடைசியில் சூரியனை. கதை இங்கே முடிந்துவிட்டதாகப் பலர் சொல்வார்கள். பிளேட்டோ முடிக்கவில்லை. வெளிச்சம் கண்டவன் மேலேயே சுகமாக இருந்துவிடக் கூடாது, கட்டுண்டவர்களிடம் திரும்பி இறங்க வேண்டும் என்கிறார். இறங்கினால் இருட்டில் அவனுக்குக் கண் தெரியாது, எல்லோரும் சிரிப்பார்கள், கட்டை அவிழ்க்க வந்தால் அடித்துக் கொல்லவும் துணிவார்கள் என்றும் சொல்கிறார். அவர் இதைக் கற்பனையாக மட்டும் எழுதவில்லை. அவருடைய ஆசிரியர் சாக்ரட்டீசுக்கு கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரம் விஷம் கொடுத்தது.

சுவரில் உள்ளது நிழல்தான். ஆனால் கழுத்தில் உள்ள கட்டு? அது நிழல் அல்ல. அவிழ்த்தால்தான் அவிழும். 'நீ பார்ப்பது எல்லாம் நிழல்' என்று கட்டுண்டவனுக்கு உபதேசம் செய்துவிட்டுக் கட்டை அப்படியே விட்டுப்போனால் அவனுக்கு என்ன லாபம்?

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். சங்கரரைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். காசியில் கங்கையில் நீராடிவிட்டு அவர் சீடர்களோடு வருகிறார். எதிரே நாய்களோடு ஒரு சண்டாளர் வருகிறார். "விலகிப் போ" என்கிறார்கள். அவர் விலகவில்லை, கேட்கிறார்: "எதை விலகச் சொல்கிறீர்? உடம்பை என்றால், உம் உடம்பும் சோற்றால் ஆனது, என் உடம்பும் சோற்றால் ஆனது. உயிரை என்றால், எல்லாவற்றிலும் இருப்பது ஒன்றே என்று சொல்பவர் நீர்தானே, அது எங்கே விலகும்?" சங்கரர் நின்றுவிட்டார். இந்த அறிவு உடையவர் யாராக இருந்தாலும் அவரே என் குரு என்று பாடினார் என்றும், அதுவே மனீஷா பஞ்சகம் என்றும் சொல்வார்கள். வந்தவர் சிவபெருமான் என்று கதையை முடிப்பது வழக்கம். எனக்கு அந்த முடிவில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. வந்தவர் சிவனாக இல்லாமல் வெறும் சண்டாளராகவே இருந்திருந்தாலும் கேள்வி அதே கேள்விதானே?

உலகம் முழுவதும் ஒன்றே என்று படித்த நாட்டில்தான், 'இவன் இத்தனை அடி தள்ளி நில்' என்ற அளவும் இருந்தது. திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலைக்கு வரி கொடுத்தார்கள். கூலி இல்லாமல் ஊழியம் செய்தார்கள். நம் தாய்மாருக்கு மேலாடை அணிய உரிமை இல்லை. 1859 ஜூலை 26இல்தான் அரசர் ஆணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் அணிவது போல் அணியக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அய்யா வைகுண்டம் சென்று அப்போது எட்டு ஆண்டு ஆகிவிட்டது.

இதில் எது பழுதை, எது பாம்பு? மனிதன் பழுதை. 'தாழ்ந்தவன், தீண்டினால் தீட்டு' என்பது பாம்பு. அந்தப் பாம்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் கொடுத்த வரி மெய்யான பணம். சுமந்த சுமை மெய்யான சுமை. முன்னே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே, விஷம் இல்லாமல் சந்தேகத்தால் வந்த சாவு, அதைப் போல. கலி மாயை என்று நாம் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கலி தராசில் வைத்து நிறுக்க முடியாதது; ஆனால் அது செய்த வேலை பனையேறியின் நெஞ்சில் காய்ப்பாகவும் தாயின் கண்ணில் நீராகவும் தெரிந்தது.

அய்யா என்ன செய்தார் என்று பாருங்கள். 'உங்கள் துன்பம் எல்லாம் மாயை, சும்மா இருங்கள்' என்று சொல்லி அனுப்பவில்லை. தலைப்பாகை கட்டச் சொன்னார். கூடி உண்ணச் சொன்னார். முத்திரிக் கிணற்றில் எல்லோரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் வைத்தார். கிணறு கல்லும் தண்ணீரும். இந்த உலகத்துப் பொருள். பொய்ப் பாம்பை விரட்ட அவர் எடுத்த வெளிச்சம் இந்த உலகத்துப் பொருளால் ஆனதாகவே இருந்தது.

கடைசியாக, பள்ளியறைக் கண்ணாடி. பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது, பெரியவர்களும் மனதுக்குள் கேட்பார்கள்: கண்ணாடிக்குள் தெரிகிற முகம் உண்டா, இல்லையா? இல்லை என்றால் முயல்கொம்பு போல ஒருவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும், தெரிகிறதே. உண்டு என்றால் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருக்க வேண்டும். பின்னால் போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. அத்வைத நூல்களிலும் இந்தக் கண்ணாடிப் பிம்பம் உதாரணமாக வருகிறது. நாமம் இட்ட நெற்றி அதில் தெரியும். இரண்டு விளக்கும் தெரியும். கூட்டமான நாளில் நமக்குப் பின்னால் தலைப்பாகையோடு நிற்பவர் முகமும் நம் தோளுக்கு மேலே தெரியும். அவர் எந்த ஊர், எந்த சாதி, எவ்வளவு நிலம் உள்ளவர் என்பது மட்டும் அதில் தெரிவதில்லை.

வரும் மாத முதல் ஞாயிறு பணிவிடைக்கு வரும்போது, கண்ணாடி முன் நின்று பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலைத் தாங்கலில் வந்து சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

அய்யா உண்டு.